இரவு, இருள், அச்சம், பேய்: இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

முல்லைவனம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடியிருப்பு வாட்சப் குழுவில் ஒருவர் பேய்ப்படங்களைப் பட்டியல் போட்டு, மேலே ‘இரவச்சம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்திருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். அது திருக்குறள் அதிகாரத்தின் பெயர், பேய்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே எழுதினால் அடுத்த கேள்வி வந்துவிடும்: அந்த இரவும் இந்த இரவும் ஒரே சொல்லா?

அதனால் இங்கே கேட்கிறேன். இரவு, இருள், யாமம், நள்ளிரவு, அச்சம், பயம், திகில், வெருளுதல், பேய், பூச்சாண்டி. இவற்றில் எது எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள். ‘உலகத்தின் முதல் சொல்’ வகைப் பதிவுகள் வேண்டாம் என்று சொன்னாலும் வரத்தான் போகின்றன, சரி.

---

ஏடுபுரட்டி

இரண்டும் வேறு வேறு சொற்கள். கடைசியில் ஒரே வடிவத்துக்கு வந்து நிற்கின்றன.

வள்ளுவரின் 106ஆம் அதிகாரம் இரவு, 107ஆம் அதிகாரம் இரவச்சம். இரண்டிலும் ‘இர’ என்பது வினை: இரத்தல், இரந்து நிற்றல், இரவலர். துற என்பதிலிருந்து துறவு வருவதுபோல, இர என்பதிலிருந்து இரவு. ஆக இரவச்சம் என்றால் பிச்சை கேட்க அஞ்சுவது. ‘கரவாது உவந்தீயும் கண்ணன்னார் கண்ணும் இரவாமை கோடி உறும்’ என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. ஒளிக்காமல் மகிழ்ந்து கொடுக்கிற, கண் போன்றவரிடம்கூடக் கேட்காமல் இருப்பது கோடி பெறும் என்கிறார். பேயைவிடக் கடன் கேட்பது பயங்கரம் என்று நினைப்பவர்களுக்கு அந்த வாட்சப் தலைப்பு பொருந்தும்தான்.

பொழுதைக் குறிக்கும் இரவின் வழி வேறு. அது ‘இரா’ என்ற சொல்லின் இன்னொரு வடிவம். நிலா நிலவாகிறது, கனா கனவாகிறது, புறா புறவாகிறது. அதே வரிசையில் இரா இரவாகிறது. ‘குறியதன் கீழ் ஆக் குறுகலும் அதனோடு உகரம் ஏற்றலும்’ என்று நன்னூல் இதற்கு விதியே சொல்கிறது. இரண்டு இரவையும் பிரித்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இரா என்று மாற்றிப் பாருங்கள். ‘இரா முழுக்க விழித்திருந்தான்’ பொருந்தும். ‘இரா வாழ்க்கை இழிவு’ என்றால் ஒன்றும் விளங்காது.

---

பெங்களூர்வாசி

அந்த இராவுக்கும் இருளுக்கும் உறவு உண்டுதானே? கன்னடத்தில் ‘இருளு’ என்றால் இரவு. வேலைக்கு வந்த புதிதில் இங்கே ஒருவர் ‘ஹகலு இருளு’ என்றபோது பகலும் இருட்டும் என்று புரிந்துகொண்டேன். அவர் சொன்னது பகலும் இரவும்.

---

ஏடுபுரட்டி

உண்டு. தமிழில் இருள் என்பது வெளிச்சம் இல்லாத நிலை, கன்னடத்தில் அது பொழுதின் பெயர். துளுவிலும் அப்படித்தான், இர்லு என்றால் இரவு. மலையாளத்தில் ராவு. தெலுங்கில் ரேயி. இவை எல்லாம் ஒரு குடும்பம். இவற்றுக்கு அடியில் இருப்பது கருமை என்ற பொருள். பழைய பாட்டுகளில் வரும் ‘இருங்கழி’ என்பதில் இரு என்பது கருமை என்றே பல இடங்களில் உரை சொல்கிறார்கள். கரிக்கு இருந்தை என்று ஒரு பழைய பெயர் உண்டு. அதுவும் இங்கேயே வரும்.

ஆக நம் ஆட்கள் இரவுக்குப் பெயர் வைத்தது அதன் நிறத்தைப் பார்த்து. இதில் அச்சம் எதுவும் இல்லை.

---

மூலமொழியன்

இராத்திரியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? இரா + திரி. இரவில் திரிவது. தூய தமிழ்ச் சொல். இங்கிருந்துதான் வடக்கே போனது. இதைச் சொன்னால் மட்டும் எல்லாருக்கும் கசக்கிறது.

---

ஏடுபுரட்டி

கசக்கவில்லை ஐயா, நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ரகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் நாம் ஒரு இகரமோ அகரமோ உகரமோ போடுகிறோம். ராமன் இராமன், ரங்கன் அரங்கன், உரோமம், எல்லாம் அப்படி வந்தவை. ராத்ரி என்பதும் அந்த வாசல் வழியாக நுழைந்ததால் இரா என்று தொடங்குகிறது. முதல் இரண்டு எழுத்து ஒத்துப் போவதால் பிரித்துவிடலாம் என்றால் இராமனையும் ‘இரா + மன்’ என்று பிரித்து இரவுக்கு அரசன் ஆக்கிவிடலாம்.

ராத்ரி ரிக் வேதத்திலேயே இருக்கிறது. பத்தாம் மண்டலத்தின் 127ஆம் பாடல் முழுக்க அந்தப் பெயரிலேயே இரவைத் தெய்வமாகப் பாடுவது. அங்கே ‘நக்த’ என்று இன்னொரு இரவுச் சொல்லும் உண்டு. ஐரோப்பிய மொழிகளின் இரவுச் சொற்களோடு உறவுள்ளது அது. தெலுங்கைப் பாருங்கள்: ராத்ரி என்ற சொல்லும் வழக்கில் இருக்கிறது, ரேயி என்ற சொந்தச் சொல்லும் இருக்கிறது. மலையாளத்தில் ராத்ரி, ராவு இரண்டும் உண்டு. வந்த சொல்லும் வீட்டுச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால்தான் இரண்டும் வேறு என்பது பளிச்சென்று தெரிகிறது.

ஒரு சொல்லை நறுக்கிப் பார்த்து அழகாகப் பொருள் வருகிறது என்பது ஆதாரம் ஆகாது. அக்கம்பக்கத்து மொழிகளில் அது என்ன வடிவத்தில் இருக்கிறது, பழைய பாட்டில் எப்படி வருகிறது, இந்த இரண்டையும் பார்க்காமல் நான் எதையும் ஒத்துக்கொள்வதில்லை.

---

தாமிரபரணிக்காரி

ஏட்டில் உள்ளதை அண்ணாச்சி பார்த்துக்கொள்ளட்டும், நான் ஊர்ப்பேச்சைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கருக்கல் என்றால் வெளிச்சமும் இருட்டும் கலந்த நேரம். ‘கருக்கலோட எழுந்து போனான்’ என்றால் விடிவதற்கு முன்னால். சாயங்காலக் கருக்கலும் உண்டு. மசங்கல் என்று சொல்லும் ஊர்களும் இருக்கின்றன, ‘மசங்குற நேரத்துல தலை வாராதே’ என்பார்கள்.

பயத்துக்கு எங்கள் ஆச்சி அச்சம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘ஈரக்குலை நடுங்கிட்டு’, ‘பகீர்னு ஆயிட்டு’, ‘வெலவெலத்துப் போச்சு’. எல்லாம் உடம்பில் நடப்பது. யாராவது இருட்டில் போய் வந்து காய்ச்சலில் படுத்தால் ‘காத்து கருப்பு அடிச்சிருக்கும்’ என்று திருநீறு போடுவார்கள். பேய் என்ற சொல்லை அந்த நேரத்தில் வாயால் சொல்ல மாட்டார்கள்.

பாம்புக்கும் அப்படித்தான். ராத்திரி பாம்பு என்று சொல்லக்கூடாது. ‘பூச்சி பொட்டு கிடக்கும், விளக்க எடுத்துக்கிட்டுப் போ.’ அந்தப் பூச்சியில் நல்லபாம்பும் அடக்கம்.

---

வடமராட்சியான்

எங்கட பக்கத்தில் அந்த நேரத்துக்கு மம்மல் என்று பேர். ‘மம்மல் பொழுதிலை வாசலிலை இருக்காதை’ என்று அம்மம்மா சொல்லுவா. மைம்மல் என்றுதான் ஏட்டில் இருக்கும், மை போலக் கறுக்கிற நேரம் என்று நினைக்கிறேன். இரவில் என்று சொல்லாமல் ‘இரவைக்கு வாறன்’ என்போம்.

பயமுறுத்துவதற்கு நாங்கள் சொல்வது வெருட்டுதல். ‘பிள்ளையை வெருட்டாதை.’ பயந்துபோனால் வெருண்டு போனான். தோட்டத்தில் பறவைகளை விரட்ட நிறுத்துகிற வைக்கோல் ஆள் வெருளி. தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் வெருளி என்றேன், ஏதோ சங்க இலக்கியம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். எங்களுக்கு அது தோட்டத்துச் சாமான்.

---

முல்லைவனம்

அட, வெருளி! இங்கே சோளக்கொல்லை பொம்மை என்று இத்தனை நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒரு சந்தேகம், நாம் சொல்லும் ‘விரட்டு’ இந்த வெருட்டுதானோ?

---

ஏடுபுரட்டி

அப்படித்தான் படுகிறது. வெரு என்றால் அச்சம். வெருவுதல், வெருளுதல் தன்வினை, வெருட்டுதல் பிறவினை. பயம் காட்டினால் எதிரே நிற்பது ஓடும், ஓட வைப்பதற்கே அந்தச் சொல் நின்றுவிட்டது. ஈழத்தில் முதல் பொருள் அப்படியே இருக்கிறது, இங்கே இரண்டாவது பொருள்தான் மிஞ்சியது. இப்படிப் பல சொற்களில் அவர்கள் பக்கம் பழைய பொருள் பத்திரமாக இருக்கும்.

தாமிரபரணிக்காரி அக்கா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். உடம்பில் நடப்பதை வைத்துப் பயத்தைச் சொல்வது ஆச்சிமார் வழக்கம் மட்டும் இல்லை. பனித்தல் என்றால் நடுங்குதல். பனி என்ற ஒரே சொல் குளிரையும் நடுக்கத்தையும் அச்சத்தையும் சுமந்திருக்கிறது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நாகர்கோவில்காரர்கள் யாராவது இருந்தால் ‘பனி பிடிச்சிருக்கு’ என்பதை எத்தனை பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்லுவார்கள்.

இனி நான் சொல்ல நினைத்த பெரிய விஷயம். அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் தொல்காப்பிய உரியியலில் ஒரு நூற்பா:

‘பேம் நாம் உரும் என வரூஉம் கிளவி
ஆமுறை மூன்றும் அச்சப் பொருள.’

பே, நாம், உரும். மூன்றும் அச்சம். அந்தக் காலத்திலேயே விளக்கம் தேவைப்பட்ட சொற்கள் என்பதால்தான் உரியியலில் வைத்திருக்கிறார். ஆனால் மூன்றும் நமக்குத் தெரியாமல் நம்மோடுதான் இருக்கின்றன.

நாம்: சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் ‘மாமழை போற்றுதும்’ என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அடுத்த அடி ‘நாமநீர் வேலி உலகிற்கு’. நாமநீர் என்றால் அச்சம் தரும் நீர், கடல். பெயர் என்ற பொருளுள்ள நாமமோ நெற்றி நாமமோ இல்லை.

உரும்: இடிக்கும் அதுதான் பெயர். இடி என்றால் அச்சம், அச்சம் என்றால் இடி, எது முதலில் என்று வழக்காடிப் பயனில்லை. அதே உரியியலில் ‘உரு உட்கு ஆகும்’ என்று இன்னொரு நூற்பா இருக்கிறது, உட்கு என்பதும் அச்சம். அதனால் சங்கப் பாட்டில் ‘உருகெழு’ என்று கண்டால் அழகிய உருவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அச்சம் பொருந்திய என்று படிக்க வேண்டும்.

பே: குறுந்தொகை 87இல் கபிலர் ‘மன்ற மராஅத்த பேஎமுதிர் கடவுள்’ என்கிறார். ஊர் மன்றத்துக் கடம்ப மரத்தில் இருக்கும், அச்சம் முதிர்ந்த கடவுள். கொடியவர்களை வருத்தும் என்று ஊர் நம்புகிறது. அந்தக் கடவுளைச் சொல்லி அஞ்சுகிற பெண், என் காதலன் கொடியவன் இல்லை, அவன்மேல் எனக்குத்தான் ஆசை என்று வக்காலத்து வாங்குகிறாள். இந்தப் பே என்பதன் பக்கத்தில் பேயை வைத்துப் பாருங்கள். பேய் என்பது முதலில் ஒரு உருவத்தின் பெயராக இருந்திருக்காது, அச்சத்தின் பெயரே பிறகு ஆளாகி நடக்கத் தொடங்கியது என்பது என் கணிப்பு. கன்னடத்தில் ‘ஹே’, பழைய கன்னடத்தில் ‘பே’ என்று வருவதற்கு வெறி, மூர்க்கம் என்று பொருள். நாமும் பேய்மழை, பேய்க்கரும்பு என்கிறோமே, அதில் ஆவி எங்கே இருக்கிறது?

---

மூலமொழியன்

அப்படியானால் நம் முன்னோர்களுக்கு இரவென்றால் பயமே இல்லை என்கிறீர்களா? சும்மா சொல்லாதீர்கள்.

---

ஏடுபுரட்டி

இருந்தது. ஆனால் எதற்குப் பயம் என்று கேட்டுப் பட்டியலே போட்டிருக்கிறார்கள். உணர்ச்சிகளைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் ‘அணங்கே விலங்கே கள்வர் தம்மிறை எனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’ என்று வருகிறது. அணங்கு என்ற வருத்தும் தெய்வம், விலங்கு, திருடர், தன்னை ஆளும் அரசன். இருட்டு என்பது அதில் இல்லை. இருட்டுக்குள் இருப்பவை இருக்கின்றன. நான்காவதுக்குப் பகல் இரவு கணக்குக் கிடையாது.

மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையைப் படியுங்கள். பேயும் அணங்கும் உருவு கொண்டு திரிகின்றன. அந்த நேரத்திலேயே நூலேணியைச் சுற்றிக்கொண்டு திருடர்கள் அலைகிறார்கள். அவர்களைப் பிடிக்க அலுக்காத காவலர்களும் அலைகிறார்கள். பட்டியலில் உள்ளதைத் தெருவில் இறக்கிவிட்டது போல இருக்கும். நகரத்து இரவுக்கு இது. குறிஞ்சிப் பாட்டுகளில் இரவுக்குறி, அதாவது காதலர் இரவில் சந்திப்பது, வரும்போது வழியில் புலி, யானை, பாம்பு, சூர் என்ற அச்சம் தரும் தெய்வம் எல்லாம் இருக்கும் என்று தோழி அடுக்குவாள். அங்கே அச்சம் ஒரு உத்தி. இப்படி இருட்டில் வராதே, வந்து பெண் கேள் என்று அவனை நெருக்குவதற்காகச் சொல்வது.

---

பெங்களூர்வாசி

‘பயம்’ வடமொழி என்று தெரியும். திகில்? கன்னடத்தில் திகிலு என்றால் பயம்தான். தெலுங்கில் திகுலு, அதில் கவலை தூக்கலாக இருக்கும். தமிழ்நாட்டில் இது பேய்க்கதைக்கு மட்டும் ஒதுக்கிவிட்ட சொல் போலத் தெரிகிறது.

---

ஏடுபுரட்டி

ஆமாம், மூன்று மொழியிலும் புழங்கும் சொல். பயம் என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய பாட்டில் ‘பயங்கெழு’ என்று கண்டால் பயப்படக்கூடாது. அங்கே பயம் என்றால் பயன், விளைச்சல். அந்தப் பயம் நம் சொந்தம். இன்று புழங்கும் பயம் வடமொழி பயத்திலிருந்து வந்தது. பயங்கரம், பீதி எல்லாம் அதன் உறவினர். வந்த பயம் வீட்டுப் பயத்தைத் துரத்திவிட்டது. அதுவும் இப்போது தேய்கிறது. ‘பயங்கரமா இருக்கு’ என்று பிரியாணியைச் சொல்கிறார்கள்.

---

கேள்விக்குறி

பூச்சாண்டிக்கு யாரும் வரவில்லையே. உடம்பெல்லாம் திருநீறு பூசிய ஆண்டிகளைப் பார்த்து வேற்று மதத்து அரசன் பயந்தான், பூச்சு + ஆண்டி என்று ஒரு கதை வருகிறதே. வருடத்துக்கு இரண்டு முறை என் கைப்பேசிக்கு வந்து சேருகிறது.

---

ஏடுபுரட்டி

அது வரும், நாம் போனாலும் அது வரும். அந்தக் கதைக்கு அரசன், படை, சூழ்ச்சி எல்லாம் வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கு அதெல்லாம் வேண்டாம். ‘பூச்சி காட்டாதே’ என்று தனியாகச் சொல்கிறோமே, அங்கே ஆண்டியும் இல்லை, திருநீறும் இல்லை. பயம் காட்டுவது என்றுதான் பொருள். தெலுங்கில் பூச்சி என்றால் குழந்தையை மிரட்டும் உருவம், பூச்சோடு என்றால் நம் பூச்சாண்டி. திருநீறு பூசிய ஆண்டி ஆந்திரத்துக் குழந்தையையும் அதே பெயரில் மிரட்டினார் என்றால் கதையை இன்னும் நீட்ட வேண்டும். பூச்சி + ஆண்டி என்று பிரித்தால் வேலை முடிந்தது.

---

தாமிரபரணிக்காரி

நான் சொன்ன ராத்திரிப் பூச்சியும் இதுவும் ஒன்றாக இருக்காதா? பெயர் சொல்லப் பயப்படுகிற எதுவும் பூச்சிதான் எங்களுக்கு. எங்கள் ஊரில் அஞ்சுகண்ணன் வருவான் என்றும் மிரட்டுவார்கள். ஐந்து கண்ணா, அஞ்ச வைக்கும் கண்ணா என்று இன்றுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. சோறு உள்ளே போனது, அது போதும்.

---

முல்லைவனம்

யாமம், நள்ளிரவு இரண்டும் பாக்கி.

---

ஏடுபுரட்டி

யாமம் வடமொழியிலும் யாம. ‘குறிஞ்சி கூதிர் யாமம் என்மனார் புலவர்’ என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அவ்வளவு பழையதாக இருப்பதாலேயே அது தமிழ் வேரில் பிறந்தது என்று ஆகிவிடாது, சொற்கள் அப்போதும் பயணம் செய்தன. நாளுக்கு எட்டு யாமம், ஒன்றுக்கு ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். பேச்சில் சாமம், ஜாமம் ஆகி, நடுச்சாமம், அர்த்தசாம பூஜை, குடுகுடுப்பையோடு வரும் சாமக்கோடங்கி என்று ஊருக்குள் வந்துவிட்டது. ‘பாரா’ காவல் என்கிறோமே, அதுவும் இதே கணக்குதான். வடக்கே மூன்று மணி நேரப் பொழுதுக்குப் பிரஹரம் என்று பெயர். அந்த நேரம் முழுக்க விழித்துக் காப்பது இந்தியில் பஹரா. நமக்குப் பாரா.

நள்ளிரவில் நள் என்பது நடு. நண்பகலும் நள் + பகல்தான். ஆனால் குறுந்தொகை 6இல் பதுமனார் ‘நள்ளென்றன்றே யாமம்’ என்று தொடங்குவது வேறு. அங்கே நள்ளென் என்பது குறிப்புச் சொல், திக்கென்று, சில்லென்று என்பதுபோல. எல்லாப் பேச்சும் அடங்கிய பிறகு காதுக்குள் ஒரு சத்தம் கேட்குமே, அதைச் சொல்ல வந்த சொல்லாகவே நான் படிக்கிறேன். ‘ஓர்யான் மன்ற துஞ்சாதேனே’ என்று முடிகிறது. ஊரே தூங்க, அவள் மட்டும் விழித்திருக்கிறாள். பேய்க்குப் பயந்து இல்லை.

---

வடமராட்சியான்

அருமை. ஒரு பழமொழிச் சண்டையையும் தீர்த்து வையுங்கோ. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ சரியா, ‘மருண்டவன் கண்ணுக்கு’ சரியா?

---

ஏடுபுரட்டி

இரண்டும் புழங்குகின்றன, இரண்டும் பொருந்துகின்றன. அரளுதல் என்றால் மிரண்டு போதல். மருளுதல் என்றால் மயங்குதல், ஒன்றை இன்னொன்றாகக் காண்பது. மெய்ப்பாட்டில் மருட்கை என்று தனியாக இருப்பது வியப்பு, அச்சம் அதில் வேறாக நிற்கிறது. ‘இருள்நீங்கி இன்பம் பயக்கும் மருள்நீங்கி’ என்று வள்ளுவர் இருளையும் மருளையும் சேர்த்து வைத்தது கண் தெளியாமையைத்தான். கயிற்றைப் பாம்பாகக் காண்பவனுக்கு மருண்டவன் பொருத்தம். எனக்குப் பிடித்தது அதுதான். மேடையில் சொல்ல அரண்டவன் நன்றாக ஒலிக்கும்.

---

கேள்விக்குறி

கடைசியாக ஒன்று. பையன்கள் ‘அல்லு விட்டுருச்சு’ என்கிறார்களே, பயந்துவிட்டேன் என்ற பொருளில். அல் என்றால் இரவு, ‘அல்லும் பகலும்’ என்கிறோம். அந்த அல்தானே இது?

---

மூலமொழியன்

சந்தேகமே இல்லை. அல், இரவு, பயம். நேர்கோடு.

---

ஏடுபுரட்டி

அல் இரவுதான், மறுக்கவில்லை. மதுரைக்காஞ்சியின் அல்லங்காடி, அதாவது இரவுச் சந்தை, அதைச் சேர்ந்தது. ஆனால் அந்த அல் எங்கும் நடுங்கியதில்லை. அல்லங்காடியில் ஜனம் இரைச்சல் போட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தது. பையன்களின் அல்லு வேண்டுமானால் அல்லாடுதல் பக்கம் தேடுங்கள், தெலுங்கிலும் அல்லாடு என்றால் நிலைகொள்ளாமல் தவிப்பது. அங்கேயாவது உடம்பு ஆடுகிறது.